நின்ற வண்டியில் ஆயில் பார்த்தவர்கள்

யூசுப்பே, என் செல்லப் பயலே,

உயிரோடு இருந்தபோதே நான் சொன்னதை நீ முழுசாகக் கேட்டது கிடையாது. பாதிப் பேச்சில் "அட வுடு அண்ணாச்சி" என்று வண்டியைக் கிளப்பிவிடுவாய். இப்போது கிளப்ப முடியாது அல்லவா? கொஞ்சம் உட்கார்ந்து கேள். உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய சேதி ஒன்று இருக்கிறது.

முதலில் ஊர் நிலவரம். பெட்ரோல் கூப்பன் தொல்லை இன்னும் தீரவில்லை. தேனாம்பேட்டை ஷெட்டின் கூரை போன மழையில் உன் வேலை மேஜைக்கு நேர் மேலே ஒழுக ஆரம்பித்துவிட்டது. தியாகராய நகர்க் கடையில் என் அண்ணன் இப்போதும் என்னைப் பட்டுப்புடவை மடிப்பைத் தொட விடுவதில்லை. "ஒங்கையெல்லாம் கிரீஸு, கல்லாப் பக்கம் போய் ஒக்காருலே" என்கிறார். உன் மகள் மைமூன் ஹாரன் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறாள். அதனால் நான் உங்கள் தெருமுனையில் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டேன். நடந்தே உள்ளே வருகிறேன்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் வாங்கிப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும். உன்னைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசினவர்களும் அதில் இருப்பார்கள். அவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

அந்தப் பச்சை வண்டி, ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு துரை விட்டுப்போன இரண்டு சீட்டு ரேஸ் வண்டி. பேர்தான் என்னுடையது, வண்டி உன்னுடையது. என் கை மாட்டுவண்டிக் கை. கடற்கரைச் சாலையில் நான் ஓட்டும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுவாயே, மறந்துவிட்டதா? "இன்னா அண்ணாச்சி, ஜட்கா வண்டி நம்மள தாண்டிக்கினு போவுது, குதிர கூட திரும்பிப் பாத்து சிரிக்கிது." அப்புறம் என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு நீ ஸ்டியரிங்கைப் பிடிப்பாய். உப்புக் காற்று முகத்தில் அறையும். நான் கதவை இறுகப் பிடித்துக்கொள்வேன். இருந்தாலும் நான் வாயைத் திறந்து மெதுவாகப் போ என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருக்கும், பயலே.

அந்த வண்டிக்கு ஒரு நோய் இருந்தது, ஞாபகமிருக்கிறதா? எஞ்சினுக்குள் சுழலுகிற கிராங்க் தண்டைப் பிடித்திருக்கும் பேரிங் ஒன்று அடிக்கடி எரிந்துபோகும். எப்போதும் அதே பேரிங். உள்ளே ஊற்றிய வெள்ளை உலோகம் உருகி வழிந்து, எஞ்சினுக்குள் யாரோ சுத்தியால் தட்டுகிற மாதிரி சத்தம் வரும். மறுபடி உருக்கி ஊற்றி, சுரண்டிப் பதம் பார்த்து மாட்டுவோம். கொஞ்ச நாளில் திரும்பவும் டொக் டொக். உலோகம் மட்டம் என்றோம். சண்டைக் காலத்து ஆயில் தண்ணியாக இருக்கிறது என்று இன்னும் கெட்டியான ஆயிலாக வாங்கி ஊற்றினோம். ஊற்றிக் கொடுத்த ஆளை நான் திட்டாத திட்டா? வெயிலில்கூடக் குறை கண்டோம். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் நாம் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

பந்தயம் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கு வெளியே, யுத்தத்துக்காகப் போட்டுவிட்டு அப்படியே கைவிட்ட விமான ஓடுதளம். தகரப் பீப்பாய்களை நட்டு வளைவு குறித்திருந்தார்கள். எல்லாமே இடதுகை வளைவு. அதிலும் கோடியில் இருந்தது நீண்டுகொண்டே போகிற வளைவு. நீ அதில் வண்டியைத் திருப்பிய அழகைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற யாரென்றே தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அடுத்தடுத்த சுற்றில் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. டொக் டொக். நிறுத்தச் சொல்லித் துண்டை வீசிக் காட்டினேன். நீ பார்க்கவில்லை. அந்தக் கோடி வளைவில் எஞ்சின் இறுகிப் பின்சக்கரங்கள் அப்படியே நின்றுவிட்டன. வண்டி திரும்பவில்லை. நேராகப் போய்க் கல்மேட்டில் ஏறிக் கவிழ்ந்தது.

நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன் கை சூடாக இருந்தது. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

கல்லில் உரசி, எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற தட்டு கிழிந்திருந்தது. இருந்த ஆயில் எவ்வளவோ, அத்தனையையும் மண் குடித்துவிட்டது. பேரிங் எரிந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். "ஆயிலே ஊத்தாம ஓட்டிகிறான்யா." திருவல்லிக்கேணியில் ஒரு டீக்கடையில் ஒருவன் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். கிளாஸ் உடைந்தது. நாலு பேர் சேர்ந்து என்னைப் பிரித்து எடுத்தார்கள். அவனை அடித்திருந்தால் மட்டும் என்ன ஆகப்போகிறது? அவன் சொன்னது பொய் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லையே.

அது போகட்டும். ஊர் பேசினால் பேசிவிட்டுப் போகிறது. வீட்டுக்குள் நடந்ததுதான் என்னைக் கொன்றது.

ஜமீலா, புருஷனை இழந்தவர்கள் நாலு மாதம் பத்து நாள் இருக்கும் இத்தாவில் இருந்தாள். வெளியே வரக்கூடாது, வேற்று ஆண் முன்னால் நிற்கக்கூடாது. நான் வந்தால், நீ பாவா என்று கூப்பிடும் உன் அப்பாவோடு முன்னறையில் உட்கார்ந்துவிட்டுப் போவேன். இத்தனை வருஷத்தில் உன் பெண்டாட்டி என்னோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை; உனக்கே தெரியும். ஒருநாள் திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது.

"பாவா, அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்கட்டுமா?"

உன் பாவா தலையாட்டினார்.

"அண்ணே, ஆயில் இல்லாமத்தான் ஆச்சா?"

யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லத் தேவல. அன்னிக்கு காலீல அவங்க ஆயில் டப்பாவ எடுத்துக்கினு தெருமுனைக்கு வண்டியாண்ட போனாங்க. நான் மேலேர்ந்து கூப்ட்டுக்கினே இருந்தேன். ரொட்டி ஆறிப்போவுது, கீமா ஆறிப்போவுதுன்னு. திரும்பி வந்துட்டாங்க. டப்பாவ வாசப்படியாண்ட வெச்சாங்க. சாப்ட்டாங்க. நீங்க வந்துட்டீங்கன்னு அப்டியே கைய தொடச்சிக்கினு ஓடிட்டாங்க. டப்பா அங்கயே கீது அண்ணே. பாதி ஆயில் அப்டியே கீது. நான் கூப்டாம இருந்தா ஊத்திட்டுத்தானே வந்திருப்பாங்க?"

அந்த டப்பாவை நான் எடுத்துப் பார்த்தேன். பாதி இருந்தது உண்மை. ஊற்றியதுபோக மீதியா, ஊற்றாமலே அவ்வளவா? அதை நீ ஒருவன்தான் சொல்ல முடியும். ஓடுதளத்தில் போய்ப் பார்த்திருப்பாய் என்றுதான் என் மனசு சொல்கிறது. ஆனால் நான் பேர் கொடுக்கிற இடத்தில் கூட்டத்தோடு முட்டிமோதிக்கொண்டிருந்தேன். நீ மூடியைத் திறந்ததை என் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. அந்தக் குரலிடம் பொய் சொல்ல முடியவில்லை, யூசுப்.

வெளியே வந்ததும் உன் பாவா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "சாயங்காலம் எதோ ரெண்டு வாய் துண்றா. காலீல தண்ணியோட சரி. வூட்ல யாரயும் சாப்ட கூப்டறதே இல்ல தம்பி. தட்ட கொண்டாந்து வெச்சுட்டு உள்ள பூடறா. ஒரு சத்தம் கெடையாது." நீ சொல்வாயே, உன் வீட்டில் சாப்பாட்டு மணியே உன் பெண்டாட்டி தொண்டைதான், வாலாஜா பள்ளிவாசல் வரைக்கும் கேட்கும் என்று. அந்தத் தொண்டை அடங்கிவிட்டது.

அன்றைக்குத்தான் எனக்குள் ஒரு வெறி ஏறியது. கடைக்குப் போவதை நிறுத்தினேன். அண்ணன் கத்தினார், கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். ஷெட்டில் கிடந்த வண்டியைப் பிரித்தேன். எரிந்தது அதே பேரிங்தான். கிராங்க்கைச் சாணை பிடிக்கக் கொடுத்துவிட்டு, கிழிந்த தட்டைப் பற்றவைத்து வாங்கி வந்தேன். ஒட்டுப்போட்ட இடத்தில் ஒழுகுகிறதா என்று பார்க்க அதில் தண்ணீரை ஊற்றினேன். ஒழுகவில்லை. வாசலில் கொட்டலாம் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஷெட் வாசலில்தான் உன் பழைய டயர் அடுக்கு இருக்கிறதே, இடித்துவிடுமோ என்று சட்டென்று இடது பக்கம் திரும்பினேன். அவ்வளவு தண்ணீரும் வலது ஓரமாக எழும்பி என் வேட்டியை நனைத்தது. "சனியனே" என்று கத்தினேன். கத்திக்கொண்டே குனிந்து பார்த்தால், தட்டின் இடது பக்கம் காய்ந்து கிடக்கிறது.

யூசுப், ஆயிலை உறிஞ்சுகிற குழாய் எந்தப் பக்கம் இருந்தது? இடது பக்கம்!

ஈர வேட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீயும் நானும் எத்தனை முறை ஆயில் பார்த்திருப்போம்? சமதரையில், வண்டியை அணைத்து, சற்று நேரம் ஆறவிட்டு, அளவுக் குச்சியைத் துடைத்து, உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தோம். நின்ற வண்டியில் பார்த்தோம். ஓடுகிற வண்டிக்குள் ஆயில் என்ன பாடுபடுகிறது என்று பார்க்கவே இல்லை. ஆயில் அழுத்தம் காட்டுகிற முள் உனக்கு முன்னாலேயேதான் இருந்தது. நேர்ரோட்டில் நீ அதைப் பார்ப்பாய், ஒழுங்காக நிற்கும். வளைவில் எவன் முள்ளைப் பார்ப்பான்? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைத்தானே பார்ப்பான்? அந்த நேரத்தில்தான் குழாய் காற்றைக் குடித்திருக்கிறது. பேரிங் காய்ந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக.

பாவாவிடம் ஓடிவந்து சொன்னேன். திரைக்குப் பின்னாலிருந்து ஜமீலா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"எனக்கு ஆறுதல் சொல்றீங்கண்ணே. நல்ல மனசு."

கோபம் வந்துவிட்டது எனக்கு. "ஆறுதலுக்காக ஒருத்தன் வேட்டிய நனைச்சுக்கிட்டு ஓடி வருவானா தாயீ? உள்ளதச் சொல்லுதேன்!"

"அப்ப நான் பாக்கணும்."

"எத?"

"அந்த முள்ள. இத்தா முடியட்டும். என்ன உக்கார வெச்சு ஓட்டுங்க. முள்ளு வுழறத நான் என் கண்ணால பாக்கணும்."

உன் பாவா தஸ்பீஹ் மணியை உருட்டி முடித்தார். பிறகு, "நானும் வரேன்" என்றார். பெரிய மனுஷன்யா உன் அப்பா. உனக்கு அந்தப் பொறுமை துளிகூட வரவில்லையே, எப்படி?

இத்தா முடிந்து ஒரு காலையில், அதற்குள் பூட்டி முடித்திருந்த பச்சை வண்டியில் நானும், வாடகை வண்டியில் ஜமீலாவும் பாவாவுமாக ஓடுதளத்துக்குப் போனோம். அந்தக் கல்மேட்டுப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜமீலா புர்காவுக்குள்ளிருந்து எதையோ எடுத்து நீட்டினாள். உன் டப்பா! அதே ஆயில்.

"இத ஊத்துங்கண்ணே."

"நீயே ஊத்து" என்றேன். நான் வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்துத்தான் நிரப்பி வைத்திருந்தேன் என்று நினைத்துவிடாதே. அவள் கேட்பாள் என்று எனக்குத் தெரியாது. வழியில் எஞ்சினைச் சூடேற்றி ஓட்டியதில் கொஞ்சம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். அவள் கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள். குச்சியை விட்டு அவளே பார்த்தாள். மேல் கோடு வரைக்கும் ஏறி நின்றது. பாவாவும் குனிந்து பார்த்து, சரி என்றார்.

ஓட்டினேன். அவள் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவு வந்தது, போனது.

"நிக்குதே அண்ணே."

இன்னொரு சுற்று. இன்னும் அழுத்தினேன் என்றுதான் நினைத்தேன்.

"நிக்குதே."

நான் நினைத்தது தப்போ? இவளை இவ்வளவு தூரம் கூட்டிவந்து, இவள் கூப்பிட்டதுதான் காரணம் என்று நானே முத்திரை குத்தப்போகிறேனோ? வண்டியை நிறுத்தினேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அவங்க இப்டியா ஓட்டுவாங்க?"

யூசுப், சத்தியமாகச் சொல்கிறேன், உன் குரல் அப்படியே கேட்டது. ஜட்காவும் குதிரையும் ஞாபகம் வந்தது.

"ஒன்னையப் பக்கத்துல வச்சுக்கிட்டு இதுக்கு மேல மிதிக்கக் காலு வரமாட்டேங்குது தாயீ. அங்க பாரு, பெரியவர் நிக்காரு. வீட்டுல பச்சப்புள்ள இருக்கு."

"பாத்துக்கினேதான் இருக்கேன். பயந்துக்கினு வூட்டுக்குப் போனா மறுபடி அந்த வாசப்படியத்தான் பாத்துக்கினு ஒக்காரணும். அவங்க மாரி ஓட்டுங்கண்ணே. ஒரு தபா."

மிதித்தேன். நீ மிதிக்கிற மாதிரி மிதித்தேன். நேர்ரோட்டில் காற்று மூச்சை அடைத்தது. முதல் பீப்பாய் கண்ணுக்கு முன்னால் வளர்ந்தது. ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தேன். டயர் அலறியது. என் உடம்பு முழுக்க வலது பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. முருகா என்று கத்தினேன் போலிருக்கிறது. நான் கத்தியதை அப்புறம் அவள்தான் சொன்னாள்.

"வுழுது! அண்ணே, வுழுது! கீழ... கீழ போயிடுச்சு!"

காலை எடுத்துவிட்டேன். வண்டி தத்தளித்து நேரானது.

"ஏறிடுச்சு" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு அந்த முள்ளைப் பார்த்துச் சொன்னாள்: "ஒண்ணும் தெரியாத மாரி ஏறி நிக்கிது பாருங்க. திருட்டு முள்ளு."

இன்னொரு தரம் போகச் சொன்னாள். போனேன். அதே வளைவு, விழுந்தது. நேரானதும் ஏறியது. பாவா நின்ற இடத்துக்கு வந்து எஞ்சினை அணைத்தேன். யாரும் இறங்கவில்லை.

"டப்பாவுல இருந்த ஆயில் பூரா இப்ப வண்டிக்குள்ளதானே கீது?" என்று கேட்டாள்.

"பூரா உள்ளதான் கெடக்கு."

"அப்பவும் வுழுதா?"

"அப்பவும் விழுது தாயீ. அவன் ஊத்தியிருந்தாலும் விழுந்திருக்கும். ஊத்தாட்டியும் விழுந்திருக்கும்."

"நான் கூப்ட்டதால இல்ல?"

"அன்னைக்கு அந்தப் பயலுக்கு ஒழுங்கா நடந்த ஒரே காரியம் நீ சோறு போட்டதுதான். பட்டினியாப் போகல அவன். வயிறு நெறஞ்சுதான் போனான். அது ஒன்னாலதான்."

அவள் காலியான டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை மாதமாகச் சேர்த்துவைத்த அழுகை மாதிரி இருந்தது. பாவா கதவுப் பக்கம் நின்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, பானெட்டைத் துடைப்பதுபோல் துடைத்து, நானும் அழுது தீர்த்தேன். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

அந்தத் தட்டுக்குள் இப்போது தடுப்புத் தகடுகள் வைத்துப் பற்றவைத்திருக்கிறேன். வளைவில் ஆயில் ஓரமாக ஓடாது. குழாயைச் சுற்றியே நிற்கும். அந்த டீக்கடையில் சிரித்தவன் நேற்று தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தான். "எனக்கும் அந்தத் தகட்ட வெச்சு குடு நைனா" என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இரண்டு திட்டுத் திட்டிவிட்டு வைத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

இதோ உனக்கு என் வாக்கு. என் கைக்கு எட்டுகிற எந்த வண்டியும், ஓடும்போது அதன் ஆயில் எங்கே போகிறது என்று பார்க்காமல் அந்த வளைவுக்குப் போகாது. முள்ளைப் பார்க்கப் பக்கத்தில் ஓர் ஆள் இல்லாமல் எந்தப் பயலையும் நான் விடமாட்டேன். என்னைக் கிறுக்கன் என்று சொன்னாலும் சரி.

இன்னும் ஒன்று பாக்கி. போன வெள்ளிக்கிழமை காலையில் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். முன்னறையில் பாவாவோடு பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம். தெருமுனைவரை கேட்டிருக்கும். மைமூன் திடுக்கிட்டு என் மடியில் ஏறிக்கொண்டாள்.

"பாவா! அண்ணே! ரொட்டி ஆறிப்போவுது, வந்து தொலைங்க!"

நான் சைவம் என்று எனக்குத் தனியாக உருளைக்கிழங்கு வைத்திருந்தாள். தனக்கும் ஒரு தட்டு எடுத்துவைத்திருந்தாள், யூசுப். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் கிளம்பவில்லை.

வாயாற அண்ணாச்சி அண்ணாச்சி என்று கூப்பிடுவாயே, இனி அது செல்லாது. உன் பெண்டாட்டி என்னை அண்ணன் ஆக்கிவிட்டாள். முறையை நீயும் மாற்றிக்கொள்.

இப்படிக்கு,
ஜமீலாவின் அண்ணன்,
உன் மச்சான்,
சங்கரலிங்கம்